எழுத்தைக் காத்தோம், ஆற்றைத் தொலைத்தோம்

ஹதீஸ் பாடம் நடத்துவோர் அனைவரும் அறிந்த ஓர் இடம் உண்டு. சுவனத்து ஆறுகள் நான்கினைப் பெயர் சுட்டும் நபிமொழி ‘ஸஹீஹ் முஸ்லிம்’ நூலில் வருகிறது. அவற்றுள் ஒன்று ஜைஹான். அவ்விடம் வந்ததும் ஆசிரியர் சற்றே நிமிர்ந்து உட்காருவார். ஜைஹான் வேறு, ஜைஹூன் வேறு. முன்னது இன்றைய துருக்கியின் தென்பகுதியில் ஓடுவது. பின்னது குராஸானையும் மாவராஉன் நஹ்ரையும் பிரித்துக்கொண்டு ஓடுவது. இரண்டினையும் ஒன்றெனக் கொள்வது பிழை என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் விரிவுரையில் தெளிவாக்கியுள்ளதை எடுத்துக் காட்டுவார். உலகம் சுற்றிய இப்னு பதூதாவே இவ்விடத்தில் வழுக்கி, ஜைஹூனைச் சுவனத்து ஆறாக எழுதிவிட்டார் என்பதையும் ஒரு புன்முறுவலோடு சேர்த்துக்கொள்வார். ஓர் அலிஃபுக்கும் ஒரு வாவுக்கும் இடையே ஒரு பாடவேளை இனிதே கழியும்.

நாமும் முப்பது ஆண்டுகளாக அவ்வாறே கழித்து வந்தோம். ஓர் ஆண்டு, பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். பகலில் உயர்நிலைப்பள்ளியில் படித்துவிட்டு, மாலையில் நம்மிடம் ஓத வருபவர். “ஹஜ்ரத், ஜைஹூன் எந்தக் கடலில் போய் விழுகிறது?” என்று கேட்டார். “குவாரிஸ்ம் ஏரியில், இன்று ஆரல் கடல் என்பார்கள்” என்றோம். அவர் தம் பள்ளிக்கூட நிலப்படத்தை விரித்துக் காட்டி, “இந்தப் படத்தில் ஆறு கடலைத் தொடவில்லையே, ஹஜ்ரத்! கடல் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக மணல் அல்லவா போட்டிருக்கிறது?” என்றார்.

நம்மிடம் விடை இல்லை. ஆற்றின் பெயரில் உள்ள ஓர் எழுத்தைப் பிழையின்றிக் காத்த நாம், அந்த ஆறே கடல் சேராது மணலில் மாய்ந்து போனதை அறியாதிருந்தோம். அன்று நமக்கு ஏற்பட்ட வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து. இது நம் ஒருவருடைய குறை மட்டுமன்று. நம் மத்ரஸாக்களிலும் நம் சமூகம் நடத்தும் பள்ளிகளிலும் பயண வரலாறு கற்பிக்கப்படும் முறையின் குறை என்பதே நம் துணிபு. பயணியின் பெயர், புறப்பட்ட ஆண்டு, கண்ட அரசர்கள், திரும்பிய ஆண்டு, இவற்றை ஒப்பிக்கச் செய்து, “பார்த்தீர்களா நம் முன்னோரின் பெருமையை!” என முடிக்கிறோம். அவர்கள் நடந்த வழி இன்று என்னவாயிற்று, யார் கை அதனை மாற்றியது என்று நாம் கேட்பதில்லை. கேட்கும் பிள்ளைக்கு விடையும் சொல்வதில்லை.

அவ்வழியை ஒருமுறை நடந்து பார்ப்போம்.

ஹிஜ்ரி 309ஆம் ஆண்டு ஸஃபர் மாதம், அதாவது கி.பி. 921 ஜூனில், கலீஃபா முக்ததிரின் தூதுக்குழு ஒன்று பக்தாதிலிருந்து புறப்பட்டது. வோல்கா நதிக்கரையில் வாழ்ந்த புல்கார் மக்களின் அரசர், தம் மக்களுக்கு மார்க்கம் போதிக்க ஆள் அனுப்புமாறும், பள்ளிவாசலும் கோட்டையும் கட்ட உதவுமாறும் வேண்டியிருந்தார். அக்குழுவில் சென்ற அஹ்மத் இப்னு ஃபள்லான் தாம் கண்டவற்றை எழுதி வைத்தார். புகாரா வழியாகக் குவாரிஸ்ம் சென்று, ஜைஹூன் கரையிலிருந்த ஜுர்ஜானிய்யா நகரில் குளிர்காலத்தைக் கழித்தனர். ஆறு உறைந்து, பனிக்கட்டி பதினேழு சாண் பருமன் இறுகி, குதிரையும் கோவேறு கழுதையும் வண்டியும் சாலையிற் செல்வது போல் அதன்மேற் சென்றன என்கிறார். மறு ஆண்டு மார்ச்சில் ஆரல் கடலுக்கு மேற்கே உள்ள உஸ்த்யூர்த் மேட்டுநிலத்தைக் கடந்து, குறுக்கிட்ட ஆறுகளைத் தோல் படகுகளில் தாண்டி, 922 மே மாதம் புல்கார் அரசரின் கூடாரத்தை அடைந்தனர். அந்நூலின் சிறந்த கையெழுத்துப் பிரதியொன்று 1923இல் மஷ்ஹத் நகரில் கண்டெடுக்கப்பட்டதால், அப்பயணத்தை இன்று நம் மாணவர் அரபு மூலத்திலேயே படிக்க இயலுகிறது.

நானூறு ஆண்டுகள் கழித்து, 1330களில், இப்னு பதூதா வடக்கிலிருந்து அதே குவாரிஸ்முக்கு வந்தார். மஅபர் நாட்டையும் மதுரையையும் பற்றி அவர் எழுதிய பகுதியை நம் பிள்ளைகள் ஒருவாறு அறிவர். குவாரிஸ்மைப் பற்றி எழுதியதை அறியார். கடைவீதியில் நகர முடியாத அளவுக்கு மக்கள் நெருக்கம். கோடையில் ஜைஹூனில் திர்மித் வரை கப்பல் போக்குவரத்து. அங்கிருந்து கோதுமையும் வாற்கோதுமையும் ஆற்றோடு பத்து நாளில் வந்து சேரும். அந்நாட்டு முலாம்பழத்தை அவர் புகழும் இடத்தைப் படித்தால் நாவில் நீர் ஊறும். அதனைக் கீற்றாக அரிந்து, வெயிலில் உலர்த்தி, கூடையில் அடைத்து, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அனுப்பினர் என்கிறார். டில்லியில் இருந்தபோது அப்பழ வற்றலைத் தாம் விரும்பி உண்டதையும் சொல்கிறார். அத்துணை நீர்வளம், அத்துணை மண்வளம்!

இன்று அவ்வழியே செல்பவர் காண்பது என்ன? ஜுர்ஜானிய்யா இன்று துர்க்மெனிஸ்தானில் கூனே உர்கெஞ்ச் என்னும் பெயரோடு, மினாராக்களும் அடக்கத்தலங்களும் எஞ்சிய பாழூராய் நிற்கிறது. ஆறு அதனை விட்டு விலகிப் போயிற்று. வடக்கே சென்றால் ஆரல் கடல் இருந்த இடம் வரும். 1960இல் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவினும் சற்றே பெரிது. உலகின் பெரிய ஏரிகளுள் நான்காவது. 2007 வாக்கில் அதிற் பத்திலொரு பங்கே எஞ்சியது. 2014இல் தென்கடலின் கீழ்ப்பகுதி முழுதும் வறண்டது. மூய்நாக் என்னும் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் அமர்ந்துள்ளன. நீரோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கடலடியாய் இருந்த நிலத்துக்கு ஆரல்கும், அதாவது ஆரல் பாலை, என்று புதுப் பெயரே இட்டுவிட்டனர். அதன் உப்பும், பருத்தி வயலிலிருந்து வந்து படிந்த பூச்சிமருந்தின் எச்சமும் காற்றில் எழுந்து கரகல்பாக்கிய மக்களின் நெஞ்சில் இறங்குகின்றன.

மேலும் வடக்கே, இப்னு ஃபள்லான் அரசரைக் கண்ட வோல்காவில், 1955க்கும் 1957க்கும் இடையே குய்பிஷேவ் அணையின் நீர் நிரம்பி, ஆறாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்த்தேக்கம் ஆயிற்று. பழைய புல்கார் நகரின் எச்சங்கள் இன்று நிற்பது ஆற்றங்கரையில் அன்று, அணைக்கட்டின் கரையில். கீழே வோல்கோகிராத் அணை எழுந்தபின், முட்டையிட மேலேறி வந்த ஸ்டர்ஜன் மீன்களின் வழியும் அடைபட்டது. ஒரு பக்கம் நீர் வற்றிற்று. மறுபக்கம் நீர் தேங்கிற்று. இரண்டும் மனிதன் செய்தவை.

ஜைஹூன் எவ்வாறு மாய்ந்தது? மறைபொருள் ஏதுமில்லை. ஜைஹூன், ஸைஹூன் என்னும் ஈராறுகளின் நீரே ஆரல் கடலின் உயிர். சோவியத் அரசு பருத்தியைப் பெருக்க விரும்பிற்று. 1954இல் தொடங்கிய கரகும் கால்வாய், ஜைஹூன் நீரை ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேலாகப் பாலைக்குள் இழுத்துச் சென்றது. கரை பூசாத மண் கால்வாயாதலால் பெருமளவு நீர் வழியிலேயே கசிந்தது. 1960இல் மத்திய ஆசியாவில் ஏறத்தாழ 45 இலட்சம் ஹெக்டேராக இருந்த பாசன நிலம், 1980களில் 70 இலட்சத்தைத் தாண்டியது. கடல் வற்றும் என்பதைத் திட்டமிட்டோர் அறியாமலில்லை. பருத்தியின் விலை மீனின் விலையினும் பெரிது எனக் கணக்கிட்டனர். ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே வாழ்ந்த மக்கள் அக்கணக்கில் இடம் பெறவில்லை.

இவற்றை மத்ரஸாவில் கற்பிக்க வேண்டும் என்று நாம் சொன்னபோது மூவகை மறுப்புகள் எழுந்தன. மூன்றையும் மதித்துக் கேட்டோம். ஒன்றையும் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

முதல் மறுப்பு: “இது பள்ளிக்கூடத்துப் பூகோளம், மார்க்கக் கல்விக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” ஐயா, நாம் நாள்தோறும் எடுத்து ஓதும் திர்மிதீ நூலின் ஆசிரியர் எந்த ஊரினர்? ஜைஹூன் கரையிலுள்ள திர்மித் ஊரினர். ஹனஃபி மத்ஹபின் பெரும் சட்ட அறிஞர்களை ‘மாவராஉன் நஹ்ர் உலமாக்கள்’ என்கிறோமே, ‘ஆற்றுக்கு அப்பாலுள்ள நாடு’ என்னும் அத்தொடரில் வரும் ஆறு எது? இதே ஆறு. அந்திச் செம்மை மறையாத நாட்டில் இஷாத் தொழுகை எப்போது என்ற வினாவை ஃபிக்ஹு நூல்கள் புல்கார் நாட்டின் பெயரோடு சேர்த்தே விவாதிக்கின்றன. நம் நூல்களின் பக்கந்தோறும் ஓடும் ஆற்றைப் பூகோளம் என்று ஒதுக்கினால், நூலையே பாதி ஒதுக்கியவர் ஆவோம்.

அதுமட்டுமன்று. ஃபிக்ஹு நூல்களில் ‘ஷிர்பு’ என்னும் தலைப்பு உண்டு. நீர்ப்பங்கின் சட்டம் அது. மேல்மடைக்காரன் தன் நிலத்தில் கணுக்கால் அளவு நீர் நின்றதும் கீழ்மடைக்குத் திறந்துவிட வேண்டும் என்ற நபிவழித் தீர்ப்பை அங்கே படிக்கிறோம். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் சுற்றிலும் விடவேண்டிய ‘ஹரீம்’ என்னும் காப்பு நிலத்தையும் படிக்கிறோம். ஆண்டுதோறும் இப்பாடத்தை ஓதி முடிக்கும் மாணவர், மேல்மடையில் கணுக்காலுக்குப் பதில் கழுத்தளவு நிறுத்திக்கொண்டதால் கீழ்மடையில் ஒரு கடலே இறந்தது என்ற உதாரணத்தை அறியாமல் வெளியேறுவது எத்துணைப் பேரிழப்பு! சட்டம் நம் கையில். சாட்சி நம் கண்முன். இரண்டையும் இணைக்க நமக்கு மனமில்லை.

இரண்டாம் மறுப்பைச் சற்றுப் படித்தவர்கள் சொன்னார்கள்: “ஆறுகள் தாமே திசை மாறுவன, ஏரிகள் தாமே வற்றி நிறைவன. மனிதனை ஏன் பழிக்க வேண்டும்?” இதில் பாதி உண்மை உண்டு. குவாரிஸ்மில் பிறந்த அல்பிரூனீயே, ஜைஹூன் காலந்தோறும் போக்கு மாற்றிய வரலாற்றைத் தம் நூலில் ஆராய்ந்துள்ளார். ஆரல் கடல் வற்றிய பின், அதன் அடித்தரையில் கெர்தெரி என்னுமிடத்தில் பழைய முஸ்லிம் அடக்கத்தலம் ஒன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. ஆகவே முன்பும் ஒருகால் அந்நிலம் கரையாய் இருந்திருக்கிறது. இதனை மறைத்துப் பாடம் சொல்வது நேர்மையன்று.

ஆயினும் மீதிப் பாதியையும் சொல்ல வேண்டுமே! 1221இல் மங்கோலியர் ஜுர்ஜானிய்யாவை அழித்தபோது, நகரைக் காத்த அணையை உடைத்து ஆற்றை ஊருக்குள் விட்டனர் என்று வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதியிருக்கிறார். பழைய மாற்றத்திலும் மனிதனின் கை இருந்தது. அன்று ஆறு வேறு பள்ளம் தேடிச் சென்றது. இன்றோ அது செல்ல வேறு பள்ளமில்லை, வயல்களிலும் கால்வாய் மணலிலும் தீர்ந்து போகிறது. “மனிதர் இயல்பாகவும் சாவதுண்டு” என்று சொல்லிக் கொலைக் குற்றத்தைத் தள்ளுபடி செய்யும் காழியை நாம் கண்டதில்லை.

மூன்றாம் மறுப்பே பலருக்கும் இனிப்பது: “இறைவனை மறுத்த ஆட்சி செய்த வேலை இது; அதைச் சொல்லி முடித்துவிடலாமே!” நாமும் முதலில் இதில் ஆறுதல் அடைந்தோம். ஆனால் வரலாறு அதனோடு முடியவில்லை. 1991இல் அவ்வாட்சி மறைந்தது. அதன்பின் எழுந்த நாடுகளில் முஸ்லிம் பெயர் கொண்டோரே ஆண்டனர். பருத்தி வயல்களும் கால்வாய்களும் தொடர்ந்தன. உஸ்பெகிஸ்தானில் பல ஆண்டுகள் மாணவரும் ஆசிரியரும் மருத்துவரும் இலையுதிர் காலத்தில் பருத்தி பறிக்க வலுக்கட்டாயமாக அனுப்பப்பட்டனர். 2021ஆம் ஆண்டு அறுவடையில்தான் அம்முறை ஒழிந்தது என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் அறிவித்தது. திர்மிதுக்கு எதிர்க்கரையான பல்க் மாகாணத்தில், ஷரீஅத்தின் பெயரால் ஆள்வோர் 2022இல் கோஷ் தெபா என்னும் 285 கிலோமீட்டர் கால்வாயைத் தோண்டத் தொடங்கினர். பசித்த ஆப்கானியருக்குக் கோதுமை வேண்டும் என்பதை யார் மறுப்பார்? மேல்மடைக்காரனுக்கும் உரிமை உண்டு. ஆனால் கணுக்கால் அளவு எது என்று முடிவு செய்யக் கீழ்மடைக்காரனோடு உட்கார்ந்து பேசினரா என்பதே ஷிர்புப் பாடம் படித்தவன் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

ரூம் அத்தியாயத்தின் நாற்பத்தொன்றாம் வசனத்துக்கு விளக்கம் சொல்லும்போது, நிலத்திலும் நீரிலும் தோன்றும் சீர்கேட்டுக்குக் காரணமான ‘மனிதர்’ யார் என்பதை நாம் எப்போதும் பிறராகவே கொள்கிறோம். அவ்வசனம் எந்த ஆட்சியையும் பெயர் சொல்லிச் சுட்டவில்லை. நாம் அணியும் வெள்ளைச் சட்டையும் பருத்தியே. ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று கணக்கிட்டோர் கூறுவர். பெருநாளுக்குப் பெருநாள் நான்கு சட்டை எடுத்துப் பெட்டியில் மடித்து வைக்கும் நம் வீட்டுப் பழக்கமும் அந்தக் கணக்கில் எங்கோ ஒரு மூலையில் எழுதப்பட்டே இருக்கும். குற்றத்தைத் தொலைவில் உள்ளவன் தலையில் கட்டிவிடும் பாடம் மாணவனுக்கு வரலாற்றைக் கற்பிக்காது; தப்பிக்கும் வித்தையையே கற்பிக்கும்.

எனவே எவ்வாறு கற்பிப்பது? குறை சொல்வதோடு நிற்பது எளிது. நாம் செய்து பார்த்ததையே சொல்கிறோம்.

இப்னு ஃபள்லானின் பயணத்தைப் பத்து நிறுத்தங்களாகப் பிரித்துக்கொண்டோம். ஒவ்வொன்றுக்கும் மாணவர் அரபு மூலத்தைத் தாமே படித்து, நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். பயணி கண்டது என்ன? இன்று அங்கிருப்பது என்ன? மாற்றியது இயற்கையா, மனிதரா, இரண்டுமா? மாற்றத்தால் பெற்றவர் யார், இழந்தவர் யார்? நான்காம் கட்டமே பாடத்தின் உயிர். அதனை நிரப்பாமல் மூன்றோடு நிறுத்தினால், மணலில் நிற்கும் கப்பலை வேடிக்கை பார்த்தது போல் ஆகும். கரகும் கால்வாயால் அஷ்காபாத் நகருக்குக் குடிநீர் கிடைத்தது. அதையும் எழுதச் சொன்னோம். மூய்நாக் மீனவர் தொழில் இழந்தனர். அதையும் எழுதச் சொன்னோம். இரண்டையும் அருகருகே கண்ட பின்னரே பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லத் தயங்கினர். தயங்கிய பின்னரே சிந்தித்தனர்.

மனிதனின் கை கெடுக்க மட்டுமே வல்லது என்று நினைத்துப் பிள்ளைகள் சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்னுமொரு நிறுத்தத்தைச் சேர்த்தோம். வடபால் எஞ்சிய சிறு ஆரலைக் காக்க, கஸாக்ஸ்தான் உலக வங்கியின் கடனுதவியோடு கட்டிய கோக் ஆரல் அணை 2005இல் நிறைவுற்றது. பதின்மூன்று கிலோமீட்டர் நீளமே உள்ள அவ்வணையால் நீர்மட்டம் உயர்ந்தது, உப்பு குறைந்தது, மீன் திரும்பிற்று, மீனவரும் திரும்பினர். தென்கடலை அவ்வாறு மீட்க இயலவில்லை. மீட்கக் கூடியது எது, காலம் கடந்தது எது என்று பகுத்தறிவதும் கல்வியே.

கடைசியாக, வகுப்பை ஹவுளின் கரைக்கு அழைத்துச் சென்றோம். ஒரு ‘முத்து’ அளவு நீரில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒளுச் செய்தார்கள் என்பதைப் பிள்ளைகள் ஹதீஸில் படித்தவர்களே. அந்த அளவு முக்கால் லிட்டருக்கும் குறைவு. குழாயைத் திறந்து வைத்து அவர்கள் ஒளுச் செய்த நீரை ஒரு வாளியில் பிடித்து அளக்கச் செய்தோம். அளந்த பின் யாரும் பேசவில்லை. நாமும் அளந்து பார்த்தோம். நம்முடைய வாளியும் அவர்களுடையதற்குக் குறைந்ததாக இல்லை.

இதனைப் படிக்கும் பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை மத்ரஸாவிலிருந்து வந்ததும் “எத்தனை பாடம் ஓதினாய்?” என்று கேட்கிறீர்கள், “எத்தனை மதிப்பெண்?” என்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேட்கிறீர்கள். “அந்த ஆறு இப்போது எங்கே, வாப்பா?” என்று அவன் உங்களைக் கேட்டால், வீண் பேச்சு என்று அதட்டாதீர்கள். மகளும் கேட்பாள், நிஸ்வான் மத்ரஸாக்களிலும் இப்பாடம் வேண்டும். மத்ரஸா நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். புதுக் கட்டடத்துக்கும் மினாராவுக்கும் திரட்டும் பணத்தில் சிறு பகுதியைக் கொண்டு வகுப்புக்கு ஒரு நல்ல நிலப்படம் வாங்கி மாட்டுங்கள். முப்பது ஆண்டுகள் நாம் பாடம் சொன்ன அறையில் அப்படியொரு படம் இருந்திருந்தால், நாம் அன்று அந்த மாணவர் முன் தலைகுனிந்திருக்க மாட்டோம்.

ஜைஹானுக்கும் ஜைஹூனுக்கும் உள்ள வேறுபாட்டை இன்றும் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். எழுத்தைக் காப்பது கடமை; அதை விடச் சொல்லவில்லை. எழுத்தைச் சொல்லி முடித்ததும் படத்தின் முன் சென்று, ஆறு எங்கே புறப்படுகிறது, எங்கே முடிந்து போகிறது என்பதை விரலால் தொட்டுக் காட்டுகிறோம். கடலுக்கு வெகு முன்பாகவே விரல் நின்றுவிடுகிறது. “ஏன் ஹஜ்ரத் நிறுத்திவிட்டீர்கள்?” என்று யாராவது கேட்கும் வரை காத்திருக்கிறோம். ஆண்டுதோறும் ஒருவராவது கேட்கிறார். அந்தக் கேள்வியோடு தொடங்குகிறது நம் பாடம்.

அறிந்ததை மறைக்காத நாவையும், நம் கைகளின் செயலை நாமே காணும் கண்ணையும் அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக!